எந்தக் கையில் அரக்கு

"நாளைக்குத் தர்றேன்" என்று ஒரு தையல்காரர் சொன்னால் எந்த நாளைக்கு என்று கேட்டு வைத்துக்கொள்ள வேண்டும் என்பாள் என் அம்மா. நான் பார்த்த தையல்காரர்களில் ஒருவரைத் தவிர எல்லாரும் அந்த ரகம்தான். அந்த ஒருவர் வெள்ளிக்கிழமை என்றால் வெள்ளிக்கிழமை. சாயங்காலம் என்று சொல்லியிருந்தால் காலையில் போய் நின்றாலும் கிடைக்காது. துணி தைத்து, மடித்து, அவர் பக்கத்தில்தான் இருக்கும். "சாயங்காலம்னுதேன சொன்னேன்" என்பார். சொன்ன நேரத்துக்கு முந்திக் கொடுப்பதும் அவரைப் பொறுத்தவரை சொல் தவறுவதுதான். இந்த மனுசரோடு எப்படிக் குடித்தனம் பண்ணுகிறீர்கள் என்று அவர் மனைவியிடம் ஒரு தடவை கேட்டேன். "அவுக சோத்துக்கு வர்றதைப் பாத்துத்தேன் கடியாரத்தைத் திருப்பி வைக்கிறேன்" என்றாள் மதினி.

அவர் பெயரைச் சொல்லப் போவதில்லை. பிள்ளைகள் இருக்கிறார்கள், பேரன் பேத்தி எடுத்துவிட்டார்கள். டி.பி. வந்த வீடு என்று தெரிந்தால் இன்றைக்கும் பெண் பார்க்க வந்தவர்கள் காப்பியைக் குடிக்காமல் எழுந்து போகிறார்கள். நான் அவரை அண்ணே என்றுதான் கூப்பிட்டேன். அண்ணன் என்றே இருக்கட்டும்.

காரைக்குடியில் கல்லுக்கட்டிக் கடைத்தெருவுக்குப் பக்கத்துச் சந்தில், ஒரு கட்டடத்தின் மாடிப்படிக்கு அடியில் இருந்தது கடை. உள்ளே யாரும் நிமிர்ந்து நிற்க முடியாது. ஒரு மிஷின், ஒரு முக்காலி, சுவரில் அடித்த பலகையில் மரக்கட்டை நூல்கண்டுகள். ஜாக்கெட் மட்டும்தான் தைப்பார். துணியைத் தொட்டதுமே திரும்பிப் பார்க்காமல் பின்னால் கையை விட்டு அதற்கான நூல்கண்டை எடுப்பார். அது அவ்வளவு பொருத்தமாக இருக்கும், தைத்த பிறகு தையல் எங்கே ஓடுகிறது என்று தேட வேண்டும்.

அந்தக் கண்ணைப் பற்றி அவருக்குக் கர்வம் உண்டு. கடைக்கு முதல் தடவை போகிற எல்லாரையும் ஒரு விளையாட்டுக்கு இழுப்பார். இரண்டு கைகளிலும் ஒவ்வொரு நூல்கண்டைப் பிடித்துக்கொண்டு, "ரெண்டும் ஒண்ணா, வேறயா?" என்பார். ஒன்று என்றுதான் நமக்குத் தோன்றும். ஒன்று என்றால், "இது மாம்பழம். இது மாம்பழம் பழுத்து ரெண்டு நாளானது" என்பார். வேறு என்றால், எங்கே வேறு, சொல்லு என்பார். எப்படிச் சொன்னாலும் தோற்பதுதான் நம் வேலை. நானும் போன அன்றே தோற்றேன். "நர்ஸு வேலை பாக்குற, ஊசி போடுறப்பவாச்சும் கையி எது காலு எதுன்னு பாத்துப் போடு ஆத்தா" என்றார். எனக்குச் சுருக்கென்று இருந்தது. ஆனாலும் ஜாக்கெட் அவரிடம்தான் கொடுத்தேன், ஏனென்றால் எனக்கு நாள் தவறாமல் வேண்டியிருந்தது.

அமராவதிபுதூரில் ஒரு பெரிய வீட்டு ஆச்சி அவருடைய பழைய வாடிக்கை. ஒரு தீபாவளிக்கு எட்டு நாள் இருக்கும்போது ஆச்சி பத்து ரவிக்கைத் துணியை அனுப்பினார்கள். அண்ணன் அப்படியே திருப்பி அனுப்பினார். ஆச்சியே வண்டி கட்டிக்கொண்டு வந்து இறங்கினார்கள். "மத்தவக எல்லாம் முடியும்ங்குறாக, நீ மட்டும் ஏன் முடியாதுங்குற?" அதற்கு அண்ணன், "அவுக முடியும்னு சொல்லுவாக ஆச்சி, முடிக்க மாட்டாக. நாலுதேன் என்னால ஆகும். நாலைக் குடுத்துட்டுப் போங்க" என்றார். நாலு துணியையும் சொன்ன நாளில் கொண்டுபோய்க் கொடுத்தார். அன்றைக்கு ஊரே மிதக்கிற மழை. பஸ் வரவில்லை. ரவிக்கைகளை ரப்பர் ஷீட்டில் சுற்றி நெஞ்சோடு கட்டிக்கொண்டு சைக்கிளை மிதித்திருக்கிறார். ஆச்சி வீட்டு முகப்பில் அவர் நின்ற இடம் குளமாகிவிட்டதாம். துணியில் ஒரு சொட்டு ஈரமில்லை. பின்னால் அவரைப் பிடித்த இருமல் அந்த மழையில் வந்தது என்று மதினி கடைசிவரை நம்பினாள். அப்படி இல்லை என்று எனக்குத் தெரியும். யாரிடமிருந்தோ ஒட்டிய கிருமி, மாடிப்படிக்கு அடியில் காற்றில்லாமல் பதினைந்து வருஷம் உட்கார்ந்ததில் முற்றியது.

இனி என் வேலையைப் பற்றியும் கொஞ்சம் சொல்ல வேண்டும். எழுபதுகளின் நடுவில் நான் ஆஸ்பத்திரியில் டி.பி. பிரிவில் மருந்து கொடுக்கிற சன்னலில் இருந்தேன். வாரத்துக்கு ஒரு நாள் வந்து மாத்திரை வாங்கிப் போக வேண்டும். ஒன்றரை வருஷம். இரண்டு மாதத்தில் இருமல் நின்று கன்னத்தில் சதை பிடித்துவிடும். உடனே மாத்திரையைக் கூரையில் செருகிவிட்டு வேலைக்குப் போவார்கள். ஆறு மாதம் கழித்து ரத்தம் கக்கிக்கொண்டு கட்டிலில் வருவார்கள். அவர்களைத் தடுப்பதுதான் என் சம்பளத்துக்கான வேலை. "சூடு பண்ணுது நர்ஸம்மா." "கிறுகிறுங்குது நர்ஸம்மா." "காதுக்குள்ள வண்டு கத்துது." "கனவுல செத்தவுக வாறாக." ஒரு நாளைக்கு எழுபது எண்பது பேர். டாக்டர் முதல் நாளே சொல்லியிருந்தார், யார் என்ன சொன்னாலும் நிறுத்தாதே, நிறுத்துவதற்குக் காரணம் தேடுவார்கள் என்று. அந்தச் சன்னலில் உட்கார்ந்து நான் நன்றாகக் கற்றுக்கொண்ட வித்தை காதை மூடிக்கொள்வது. வேறு எந்த வழியிலும் அந்த வேலையைச் செய்திருக்க முடியாது என்றுதான் ரொம்ப நாள் நினைத்துக்கொண்டிருந்தேன்.

அண்ணன் துண்டால் முகத்தை மூடிக்கொண்டு பின்வாசல் வழியாக வந்தார். தையல்காரருக்கு டி.பி. என்று தெரிந்தால் எந்தப் பொம்பளை அவர் தைத்ததை உடம்பில் போடுவாள்? சளியைப் பார்த்தாகிவிட்டது, நெஞ்சுப் படமும் எடுத்தாகிவிட்டது. டாக்டர் எதிரில் உட்கார்ந்து அவர் கேட்ட ஒரே கேள்வி, எத்தனை நாள் என்பது. ஒன்றரை வருஷம் என்றார் டாக்டர், ஒரு நாள் தவறக் கூடாது என்றார். அண்ணன் சட்டைப் பையிலிருந்து ஆர்டர் நோட்டை எடுத்தார். அளவெல்லாம் எழுதுகிற நோட்டு. ஒரு புதுப் பக்கத்தில் ஒன்றரை வருஷம் கழித்து வருகிற தேதியை எழுதி அடியில் கோடு போட்டார். "சொல்லிட்டேன் டாக்டர்" என்றார். டாக்டருக்கு அதன் அர்த்தம் தெரியாது. எனக்குத் தெரியும். இந்த ஒரு ஆளைப் பற்றி நான் கவலைப்பட வேண்டாம் என்று நினைத்தேன்.

முதலில் கொடுத்த மாத்திரையில் உடம்பெல்லாம் தடித்துச் சிவந்துவிட்டது. டாக்டர் அதை நிறுத்திவிட்டுப் பொங்கலுக்குப் பிறகு புது மாத்திரை போட்டார். எதாம்புட்டால் என்று பெயர். அப்போதுதான் எங்கள் பக்கம் வர ஆரம்பித்திருந்தது. நல்ல மருந்து. அண்ணனுக்கு இருமல் நின்றது, எடை ஏறியது. வியாழக்கிழமைதோறும் பத்து மணிக்குச் சன்னலுக்கு வருவார். பத்து என்றால் பத்து. அவர் தலையைப் பார்த்ததும் அடுத்த மாத்திரைச் சிப்பத்தைப் பிரிக்கலாம் என்று நான் எழுந்துபோவேன்.

ஆனி மாதம் வாக்கில் நூல்கண்டைக் கொண்டுவர ஆரம்பித்தார். மாத்திரையை வாங்கிப் பையில் போட்ட பிறகு சட்டைப் பையிலிருந்து இரண்டு கண்டை எடுத்து இரண்டு கைகளிலும் தூக்கிக் காட்டுவார். "ஆத்தா, இது என்ன கலரு, இது என்ன கலரு?" பழைய விளையாட்டை ஆஸ்பத்திரி வரைக்கும் கொண்டுவந்துவிட்டார் என்று சிரித்தேன். வழியில் தெரிந்தவர் யாராவது பார்த்தால், தைக்கக் கொடுத்த நர்ஸம்மாவுக்கு நூல் காட்டப் போகிறேன் என்று சொல்லிக்கொள்ள ஒரு சாக்கு என்றும் நினைத்தேன். அந்தச் சாக்கை அவரே ஒரு தடவை யாரிடமோ சொல்லிக் கேட்டிருக்கிறேன். அதனால் நானும் கூடச் சேர்ந்து விளையாடினேன். "இது மயில் கழுத்து. இது பல் தேய்க்காத மயில் கழுத்து." "இது கத்திரிப்பூ." "இது எங்க வீட்டுப் பழைய பித்தளைக் குத்துவிளக்கு, புளி போட்டுத் தேய்க்கணும்." அவர் தலையை ஆட்டிக்கொள்வார். வெளியே வேப்பமரத்தடியில் உட்கார்ந்து என்னவோ எழுதுவார். அளவு எழுதுகிறார் என்று நினைத்துக்கொண்டேன்.

விளையாட்டின் விதி மாறியிருந்தது. கடையில் அவர் கேட்டது, ஒன்றா வேறா என்று. சன்னலில் கேட்டது, என்ன நிறம் என்று. நான் தப்பாகச் சொன்னால் திருத்தி மூக்கை உடைப்பதுதான் அவருக்குச் சந்தோஷம். சன்னலில் ஒரு தடவைகூட என்னைத் திருத்தவில்லை. நான் இதையெல்லாம் இப்போது உட்கார்ந்து சொல்கிறேன். அப்போது எனக்குத் தோன்றவில்லை.

வீட்டில் மதினிக்கும் தெரியவில்லை. ஊசியில் நூல் கோத்துத் தரச் சொல்லியிருக்கிறார். இருபது ஊசி கோத்துத் தலையணையில் குத்தி வைத்திருக்கிறாள். வயசாகிறது, நாற்பது தாண்டினால் எல்லாருக்கும் வெள்ளெழுத்துத்தானே என்று கண்ணாடி வாங்கிப் போட்டிருக்கிறார்கள். கண்ணாடியால் ஒன்றும் ஆகவில்லை. மிஷின் சூடு என்று சனிக்கிழமைதோறும் எண்ணெய் தேய்த்துவிட்டு, பொன்னாங்கண்ணியாக அவித்துப் போட்டிருக்கிறாள். மாத்திரையால் இருக்கும் என்று அவருக்கே ஒரு சந்தேகம் இருந்ததாம். ஆனால் அதைச் சொன்னால் நிறுத்திவிடுவார்கள். நிறுத்தினால் ஒன்றரை வருஷம் என்று டாக்டரிடம் சொன்ன சொல் என்னாவது? அதோடு, நிறுத்தினவர்கள் எப்படிக் கட்டிலில் வருவார்கள் என்று வாராவாரம் நான்தான் சத்தம் போட்டுச் சொல்லிக்கொண்டிருந்தேன்.

ஆடி முடிகிற சமயம், மேலேயிருந்து ஆய்வுக்கு ஆள் வருகிறார்கள் என்று ஒரு வியாழக்கிழமை. சிப்பம் எத்தனை, கொடுத்தது எத்தனை, மிச்சம் எத்தனை என்று பதிவேடு ஒத்துப்போகவில்லை. தலையைக் குனிந்துகொண்டு எழுதுகிறேன். வெளியே வரிசை நீளம். பத்து மணிக்கு அண்ணன் வந்தார். அட்டையைப் பார்க்காமலே மாத்திரையைத் தள்ளினேன். அவர் நகரவில்லை.

"ஆத்தா, இதுல ஒண்ணு அரக்கு, ஒண்ணு பச்சை. எது அரக்கு?"

"அண்ணே, இன்னைக்கு வேணாம். ஆய்வு வருது."

"ஒரு நிமிசம் ஆத்தா. எந்தக் கையில அரக்கு?"

பின்னால் நின்றவர் முணுமுணுத்தார். "இடது கையில" என்றேன்.

"இடதுதேன?"

"இடதுதான் அண்ணே. போங்க."

"சரித்தா" என்றார். போனார்.

ஆவணியில் அமராவதிபுதூர் ஆச்சி வீட்டில் கல்யாணம். பெண்ணுக்கு முகூர்த்த ரவிக்கை, அரக்குப் பட்டு. முதல் நாள் காலையில் தருவதாக அண்ணன் சொல்லியிருந்தார். முதல் நாள் காலையில் கொண்டுபோனார். ஆச்சி பிரித்துப் பார்த்தார்கள். கழுத்தைச் சுற்றி, கை விளிம்பில், இடுப்புப் பட்டியில், ஒரே அளவாக, ஒரு தையல்கூடக் கோணாமல், பச்சை நூல் ஓடியிருந்தது. ஆச்சி திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை என்று அவர் பின்னால் சொன்னார். "அரக்கு நூலு இல்லைன்னா சொல்லியிருக்கலாமே தம்பி, நான் மதுரையில வாங்கிவரச் சொல்லியிருப்பேனே" என்றார்களாம். அண்ணன் ரவிக்கையை வாங்கி வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்திருக்கிறார். "மூணு மணிக்கு மாத்திக் கொண்டாறேன் ஆச்சி" என்று சொல்லிவிட்டுச் சைக்கிளை எடுத்திருக்கிறார்.

நேராகச் சன்னலுக்கு வந்தார். வியாழக்கிழமை இல்லை, மணி பத்தும் இல்லை. அதைப் பார்த்ததுமே பேனாவை வைத்துவிட்டு எழுந்தேன். ரவிக்கையைச் சன்னல் கம்பிக்குள் நீட்டினார்.

"துணி என்ன கலருத்தா?"

"அரக்கு."

"நூலு?"

"பச்சை. ஏன் அண்ணே இப்படித் தைச்சிருக்கீக?"

அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை. என் முகத்துக்குக் கொஞ்சம் பக்கத்தில் பார்த்தார். "எனக்கு ரெண்டும் ஒண்ணாத்தேன் தெரியுது. மூணு மாசமா. சொவத்துல காலண்டர் ஓரமெல்லாம் தெரியுது ஆத்தா, பாக்குற எடத்துலதேன் ஒண்ணும் இல்ல" என்றார்.

கையைப் பிடித்து டாக்டரிடம் இழுத்துக்கொண்டு ஓடினேன். டாக்டர் விரலைக் காட்டினார், பேனாவைக் காட்டினார், விளக்கடித்துப் பார்த்தார். பிறகு அட்டையை வாங்கி, எதாம்புட்டால் என்று எழுதியிருந்ததன் மேல் இரண்டு கோடு போட்டு அடித்தார். "இந்த மாத்திரை சில பேருக்குக் கண் நரம்பைத் தொடும். எனக்குத் தெரியும். கண்ணு எப்படித் தெரியுதுன்னு சன்னல்ல கேக்கச் சொல்லி உங்கிட்டச் சொல்லணும்னு இருந்தேன். கூட்டத்துல விட்டுப்போச்சும்மா" என்றார். அவர் நல்ல மனிதர். அவருடைய சன்னலிலும் கூட்டம்தான். நான் அழுதேன். அண்ணன் மணி என்ன என்று கேட்டார்.

மணி ஒன்று. மூன்று மணிக்குத் தருவதாக ஆச்சியிடம் சொல்லியிருந்தார். அரை நாள் லீவு எழுதிக் கொடுத்துவிட்டு அவரோடு மாடிப்படிக்கு அடியில் போய் உட்கார்ந்தேன். மதினிக்கும் ஆள் அனுப்பினோம். நானும் அவளும் பச்சைத் தையலைப் பிளேடால் பிரித்தோம். அரக்குக் கண்டைப் பலகையில் தேடினேன். அது பச்சைகளோடு நின்றது. ஏன் இங்கே நிற்கிறது என்று கேட்கத் தோன்றவில்லை, நேரமில்லை. எடுத்து மிஷினில் மாட்டினேன், ஊசியில் கோத்தேன். அண்ணன் கண்ணை மூடிக்கொண்டார். விரலால் ஓரத்தைத் தடவித் தடவி மிஷினை மிதித்தார். நான் நேராகப் போகிறதா என்று பார்த்துக்கொண்டே இருந்தேன். நேராகத்தான் போனது. மூன்று மணிக்கு ஆச்சி கையில் கொடுத்தார். அவர் தைத்த கடைசி ரவிக்கை அது. ஆச்சி வீட்டில் சொல்லாவிட்டாலும் வேலைக்காரர்கள் சொல்லிவிட்டார்கள். தையல்காரருக்குக் கண் தெரியவில்லை என்று தீபாவளிக்குள் ஊருக்கே தெரிந்துவிட்டது.

அடுத்த வியாழக்கிழமை பத்து மணிக்குச் சன்னலில் அண்ணன் தலை தெரிந்தது. எனக்கு எழுந்து ஓடிவிடலாம் போல இருந்தது.

"அந்த மாத்திரைதேன வேணாம்னாக. மத்தது உண்டுல்ல? ஒண்ணரை வருசம்னு சொல்லியிருக்கேனே" என்றார்.

மற்ற மாத்திரையோடு ஊசியும் போட்டோம். அந்த ஊசி காதைத் தொடக்கூடியது. இந்தத் தடவை நான் வாய் வலிக்கச் சொன்னேன், காதில் இரைச்சல் கேட்டால் அன்றைக்கே சொல்லணும், விளையாட்டாகச் சொல்லக் கூடாது என்று. "கண்ணை வாங்கிக்கிட்டீக. காதும் வேணுமாக்கும்" என்றார். கேலிதான். எனக்குச் சிரிப்பு வரவில்லை. நோட்டில் எழுதியிருந்த தேதியன்று வந்து நோட்டை என்னிடம் கொடுத்து வாசிக்கச் சொன்னார். வாசித்தேன். "சொன்ன நாளு" என்று சொல்லி வாங்கிக்கொண்டார். நோய் பூரண குணம் என்று அட்டையில் டாக்டர் எழுதினார். ஒரு வாரம்கூடத் தவறாத அட்டை அந்த ஆஸ்பத்திரியில் அது ஒன்றுதான் என்று நினைக்கிறேன்.

கண் கொஞ்சம் திரும்பியது. எதிரில் வருகிற ஆளைத் தெரியும், பஸ்ஸின் பெயர்ப்பலகை கிட்டப் போனால் தெரியும். நிறம் திரும்பவில்லை. புதுவயலில் ஒரு அரிசி ஆலையில் மூட்டை வாய் தைக்கிற வேலைக்குப் போனார். கோணிக்கும் சணலுக்கும் ஒரே நிறம்தானே. உமித் தூசியில் அந்த நெஞ்சோடு போகாதீர்கள் என்றால் கேட்கவில்லை. ஒரு தடவை புதுவயலில் மருத்துவ முகாமுக்குப் போனபோது அவரைப் பார்க்கப் போனேன். லாரி ஐந்து மணிக்குக் கிளம்பும் என்று சொல்லியிருக்கிறேன், இரு என்றார். ஐந்து மணி வரைக்கும் நின்றேன். தலையில் தவிடு வெள்ளையாகப் படிந்திருந்தது. ரொம்ப நாளாக மனதில் இருந்ததை அன்றைக்குச் சொன்னேன்.

"அண்ணே, நீங்க நூலைக் காட்டிக் கேட்டப்பவே நான் கவனிச்சிருக்கணும். முதல் வாரமே கவனிச்சிருந்தா கண்ணு திரும்பியிருக்கும். என் தப்பு."

அவர் கோணி ஊசியைத் துண்டில் துடைத்தார். "நீ என்னத்தா செய்வே. நான் வெளையாட்டால்ல கேட்டேன்" என்றார். அதோடு அந்தப் பேச்சை விட்டுவிட்டார். நான் ஒரு டம்ளர் டீ குடித்துவிட்டு மனசு லேசாகித் திரும்பினேன். அதைச் சொல்ல இன்றைக்கு வெட்கமாக இருக்கிறது.

எழுபதுகள் முடிவதற்குள் அண்ணன் போய்விட்டார். நெஞ்சுவலி. டி.பி. இல்லை, அது முழுசாகப் போயிருந்தது.

முப்பதாம் நாள் காரியம் முடிந்த பிறகு மதினி ஆஸ்பத்திரிக்கு வந்தாள். மஞ்சள் பையில் ஒரு பிஸ்கட் டப்பா. "வீட்ல யாருக்கும் ஆகாது. நீ கைத்தையல் போடுவேல்ல, வச்சுக்க" என்று சன்னல் மேடையில் வைத்தாள். திறந்தேன். பழைய நூல்கண்டுகள். ஒன்றை எடுத்துத் திருப்பினேன். அடிக்கட்டையில் சோற்றுப் பருக்கையால் ஒட்டிய காகிதத்தில், கொட்டை எழுத்தில், பென்சிலால் மயில் கழுத்து என்று இருந்தது. இன்னொன்றில் கத்திரிப்பூ. இன்னொன்றில் பழைய பித்தளைக் குத்துவிளக்கு என்று, இடம் பற்றாமல் எழுத்து ஒன்றன் மேல் ஒன்று ஏறியிருந்தது. நான் சொன்னதையெல்லாம் வேப்பமரத்தடியில் உட்கார்ந்து எழுதி, வீட்டில் போய் ஒட்டியிருக்கிறார். அதை வைத்துக்கொண்டுதான் அத்தனை வாரமும் தைத்திருக்கிறார். என் கண்ணை நம்பித் தைத்திருக்கிறார்.

ஒவ்வொன்றாகத் திருப்பிக்கொண்டே போனேன். எல்லாம் சரியாக இருந்தது. கடைசியில் ஒரு பச்சைக் கண்டு. அடியில் அரக்கு என்று எழுதியிருந்தது. அதன் பக்கத்தில் அரக்குக் கண்டு. அடியில் பச்சை.

இடதுதேன என்று அவர் இரண்டாவது தடவை கேட்ட குரல் காதில் விழுந்தது. அன்றைக்கு நான் நிமிர்ந்தே பார்க்கவில்லை. பதிவேட்டைப் பார்த்துக்கொண்டுதான் சொன்னேன். வாயில் வந்த கையைச் சொன்னேன்.

வரிசையில் பத்துப் பேர் நின்றார்கள். மதினி கம்பியைப் பிடித்துக்கொண்டு என்னையே பார்த்தாள்.

"மதினி, இந்த ரெண்டும் மாறியிருக்கு. அவுக தப்பில்ல. நான் தப்பாச் சொல்லிட்டேன். அந்த ரவிக்கை..."

"தெரியும்" என்றாள். "அன்னைக்கு வீட்டுக்கு வந்ததுமே எங்கிட்டச் சொல்லிட்டாக. அந்தப் புள்ளைக்குத் தெரியக் கூடாது, நீ வாயத் தொறக்கக் கூடாதுன்னு கையில அடிச்சுச் சத்தியம் வாங்கிக்கிட்டாக."

நான் இரண்டு கண்டையும் மேடையில் வைத்தேன்.

"நான் சொல்லலையே தாயி" என்றாள் மதினி. "டப்பாவைத்தேன குடுத்தேன்."

மஞ்சள் பையை நாலாக மடித்து இடுப்பில் செருகிக்கொண்டு, பஸ்ஸுக்கு நேரமாகிறது என்று போனாள். அடுத்து நின்றவர் அட்டையை நீட்டினார்.